ஓரிரவின் பெறுமதி

ஓர் ஆடம்பர ஹோட்டலின் கட்டணம் தகுமா என்பதை எதனைக் கொண்டு தீர்மானிப்பது? அதனால் பாதிக்கப்படும் அனைவரின் இன்பமே அளவுகோல் என்பர் பயன்வாதிகள். பெருஞ்செலவையும் ஓர் அறமாகக் கொண்ட அரிஸ்டோட்டிலோ, செலவு அதன் பொருளுக்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும் என்றார்.

நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில், மூடப்பட்டுக் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாக்கப்பட்டது. பாழ்பட்ட கட்டடம் உயிர்பெற்றது. சிலருக்கு வேலையும் கிட்டியது. இவற்றை மறுத்தல் நேர்மையன்று. தங்குவோர் கூடை சுமந்து கொழுந்து பறித்தும் மகிழலாம்.

வரக்காப்பொலையில் வாகனத்தை நிறுத்தி எள்ளுருண்டை வாங்கிக்கொண்டு மலையேறும் பயணிகளை நாம் காண்கிறோம். வீதியினின்று சற்று உள்ளே, இறப்பர்த் தோட்ட லயன்களில் வாழ்வோருக்கு அவ்வோரிரவுக் கட்டணம் பல நாட்கூலி. 2021இல் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1000 ரூபா. 2024இல் அது 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது.

பிறர் தொழிலை விளையாட்டாக்குதல் இழிவு என உடனே கூறிவிடலாகாது. மகள் மணற்சோறு ஆக்கி விளையாடுவதால் தாய்க்கு இழிவில்லை. ஆயின் விருந்தினர் கைநோகுமுன் கூடையை இறக்கிவைக்கலாம். தொழிலாளிக்கோ, நிறை குறைந்தால் அன்று அரைப்பேர்தான். எனவே அங்கு விலைக்குப் பெறப்படுவது கொழுந்து பறிக்கும் அனுபவமன்று, அதனை வேண்டியபோது நிறுத்தும் உரிமையே. அவ்வுரிமைக்கு எவ்விலையும் எனக்கு மிகையாகவே தோன்றுகின்றது.

எனினும், முப்பதாண்டு கொழுந்தெடுத்த தாயை மகனொருவன் பணஞ்சேர்த்து ஓரிரவு அங்கு அழைத்துச் செல்வானாயின், அச்செலவை வீணென்று கூற மனம் ஒப்பவில்லை. அவள் யன்னலருகே அமர்ந்து பிறர் கொணரும் தேநீரை அருந்துவாள்; கூடையைத் தொடமாட்டாள்.