டார்ச்சில் தெரிவது

செகண்ட் ஹேண்ட் கேமரா லென்ஸ் வாங்குகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கையில் எடுத்ததும் செல்போன் டார்ச்சை ஆன் செய்து, லென்ஸுக்குப் பின்னாலிருந்து அடித்துப் பார்ப்பார்கள். உள்ளே நாலு தூசு மினுங்கும். அவ்வளவுதான். ‘‘என்ன சார், உள்ள ஒரே தூசியா இருக்கே. ரெண்டாயிரம் குறைச்சுக்குங்க!’’

தூசு இருக்கத்தான் செய்யும். ஜூம் லென்ஸ் நீண்டு சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கிறது. கூடவே தூசும் வருகிறது. ஆனால், படத்தில் அது அநேகமாகத் தெரியாது. ஃபோகஸ் அதன் மீது விழுவதே இல்லை. ஜன்னல் கொசுவலையில் கண்ணை ஒட்டிவைத்துத் தெருவைப் பார்த்தால் வலை காணாமல் போய்விடுகிறதே, அதே சமாச்சாரம்தான். சென்சார் மேல் விழும் தூசு வேறு. எஃப் 16 மாதிரி சின்னத் துவாரத்தில் எடுத்தால், நீல வானத்தில் புள்ளியாக வந்து நிற்கும். ஃபங்கஸ் இன்னும் மோசம். ஈரப்பதத்தில் வளர்ந்து, கண்ணாடியின் கோட்டிங்கையே அரித்துவிடும்.

இப்போது கேள்வி. ‘உள்ளே தூசு இருக்கிறது’ என்று விற்கிறவர் தானாக முன்வந்து சொல்ல வேண்டுமா?

பி.காம். படித்தவர்களுக்கு 1930-ம் வருடத்து சரக்கு விற்பனைச் சட்டம் ஞாபகம் இருக்கும். ‘வாங்குகிறவனே, உஷார்!’ என்பதுதான் அதன் அடிநாதம். வியாபாரி விற்கும் பொருள் தரமாக இருக்க வேண்டும் என்று சொல்கிற 16-வது பிரிவுகூட, வாங்குகிறவர் சோதித்துப் பார்த்திருந்தால், அதில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்கிறது.

சட்டம் விட்டுவிட்டது. மனசாட்சி? சொன்னால், ஒரு கெடுதலும் செய்யாத தூசுக்காக விலை இறங்கும். சொல்லாவிட்டால் உறுத்தும்.

என் கட்சி, சொல்ல வேண்டும் என்பதே. ஆனால், முழுசாகச் சொல்ல வேண்டும். ‘‘தூசு இருக்கு. படத்துல வராது. இந்தாங்க, நீங்களே எடுத்துப் பாருங்க!’’ குறை எவ்வளவு பெரியது என்பதும் உண்மையில் ஒரு பாகம்தானே?

இதே நியாயம் வாங்குகிறவருக்கும் உண்டு. படத்தில் வராது என்று நன்றாகத் தெரிந்தும் டார்ச்சைக் காட்டி விலையை அடிக்கிறவர், ஃபங்கஸை மறைத்து விற்கிறவருக்குப் பங்காளிதான். ஒருவர் இருக்கிற கெடுதலை மறைக்கிறார். இன்னொருவர் இல்லாத கெடுதலை உண்டாக்குகிறார். இதற்கு மட்டும் நாம் ‘பேரம்’ என்று கௌரவமாகப் பெயர் வைத்துவிட்டோம்.

இதில் ஒரு வேடிக்கை... நிஜமான குறை பல சமயம் டார்ச்சில் தெரியாது. 1990-ல் விண்வெளிக்குப் போன ஹப்பிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடியை அத்தனை வழவழப்பாக மெருகேற்றியிருந்தார்கள். ஆனால், அதன் விளிம்பு தலைமுடி தடிமனில் 50-ல் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. எந்தக் கண்ணுக்கும் அது தெரியவில்லை. வந்த படங்கள்தான் மங்கலாக இருந்து காட்டிக்கொடுத்தன. 1993 டிசம்பரில் வீரர்கள் போய், அதற்குப் ‘பவர் கண்ணாடி’ மாட்டாத குறையாகச் சரிசெய்தார்கள்.

லென்ஸை விடுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போதும், பெண், மாப்பிள்ளை பார்க்கும்போதும் நம் கை முதலில் தேடுவது டார்ச்சைத்தான். நாலு தூசைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரு ஜெயித்த சந்தோஷம்!

ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பேசலாமே?