அவிழ்த்துப் போட்ட மரம்

வெளிநாடுகளில் ஒரு கூட்டம் இருக்கிறது. இடித்த வீட்டு உத்தரம், பழைய வேலிப் பலகை என்று தேடிப் பிடித்து, ஆணி பிடுங்கி, இழைத்து, அலைச்சறுக்குப் பலகை செய்கிறார்கள். உள்ளே விமான இறக்கை மாதிரி எலும்புக்கூடு, மேலே மெல்லிய பலகை. வெயிலில் உள்காற்று விரிந்து ஒட்டு பிளந்துவிடாமல் இருக்க ஒரு சின்ன ஓட்டை. கடைக்குப் போனால் ஃபோம் பலகை ரெடியாகக் கிடைக்குமே, ஏன் இந்தப் பாடு? 'மரத்துக்கு இன்னொரு வாழ்க்கை கொடுக்கிறோம்' என்பார்கள்.

கடலூர்க் கடற்கரையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கட்டுமரத்தில் ஆணியே கிடையாது. கனமில்லாத மரமாகப் பார்த்துச் செதுக்கி, கயிற்றால் கட்டினால் முடிந்தது. (ஆங்கிலேயர்கள் வார்த்தையை மட்டும் கொண்டுபோய், இரண்டு உடல் உள்ள படகுக்கு 'கேட்டமரன்' என்று வைத்துவிட்டார்கள். அது வேற கதை.) ஊறிய மரம் காயவேண்டும் என்பதால், கரைக்கு வந்ததும் அவிழ்த்துப் போட்டுவிடுவார்கள்.

தீசியஸின் கப்பலில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினார்களாம். கடைசியில் அது அதே கப்பலா, வேறு கப்பலா? கிரேக்கத் தத்துவவாதிகள் மண்டையை உடைத்துக்கொண்டதை ப்ளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். நம் ஆட்களுக்கோ தினமும் மதியம் கப்பலே இல்லாமல் போய்விடுகிறது. விடியற்காலையில் கயிற்றை இறுக்கினால் மறுபடி வந்துவிடுகிறது. ஒரு கட்டை போனால் வேறு கட்டை. அதே மரம்தானா என்று யாரும் கேட்டதில்லை.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இது மாறிப்போனது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் செத்துப்போன சுனாமி. நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. பல ஊர்களில் முன்பு இருந்ததைவிட அதிகமாகவே. கட்டுமரம் கரை ஒதுங்கியது. நம்மைப் போன்ற நகரத்து ஆட்கள் 'அடடா, பாரம்பரியம் போச்சே' என்று உச்சுக் கொட்டினோம்.

குடிகாட்டுப் பக்கம் ஒரு பெரியவரிடம் இப்படி உச்சுக் கொட்டினேன். "மரத்துல ஒருநாள் ஒக்காந்து பாரு சார். கட்டைக்கு நடுவுல தண்ணி ஏறிக்கிட்டே இருக்கும். கரைக்கு வந்தா அதைத் தூக்கணும். எந்தோளப் பாத்தியா?" என்றார்.

பழைய மரத்தில் அழகைப் பார்க்க, வேறு வழி இருப்பவனால் முடிகிறது. ஃபோம் பலகை வாங்கக் காசு இருந்தும் மரத்தை இழைப்பது ரசனை. கோவளத்தில் 2012-ல் சர்ஃபிங் பள்ளி ஆரம்பித்த மீனவர் மூர்த்தி மேகவன், முதலில் ஒரு மரப் பலகையில்தான் அலை ஏறினார். அது ரசனையில்லை, கையில் இருந்தது அவ்வளவுதான். அலைக்கு ரெண்டும் ஒன்று. நமக்கு? அடுத்தவர் தோள் காய்த்துப்போவதைப் பாரம்பரியம் என்று சொல்லி ரசிக்க நமக்கு உரிமை உண்டா? இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் ஒரு உறுத்தல். உடைந்த ஃபைபர் படகை அவிழ்க்க முடியாது, அடுப்பில் வைக்க முடியாது, மக்கவும் மக்காது. பி.காமில் தேய்மானம் போட்டுக் கடைசியில் 'ஸ்க்ராப் வேல்யூ' என்று ஒரு தொகை எழுதுவோம். இதற்கு எதை எழுதுவது? கரையில் கிடக்கும் இடத்துக்கு யாராவது வாடகை கேட்டால் கணக்கு மைனஸில்தான் முடியும்.

பெரியவர் தன் கட்டுமரத்தின் இரண்டு கட்டைகளை வாசலில் போட்டு வைத்திருந்தார், உட்கார. ஆணி ஓட்டை இல்லாத, நன்றாகக் காய்ந்த மரம். இந்த மாதிரிக் கட்டையில் அலைப்பலகை செய்யறாங்க, தேடி அலையறாங்க என்றேன்.

"அப்டியா? என்னா வெல குடுப்பாங்க?"