சமமானவனுக்குச் செய்யும் வேலை

ஒரு மனிதன் தன் வேலையை எப்பொழுது செம்மையாகச் செய்கிறான்? இக்கேள்விக்கு உலகம் சாதாரணமாக மூன்று விடைகளைச் சொல்லி வருகிறது. அச்சத்தால் செய்கிறான் என்பது ஒன்று. கூலிக்காகச் செய்கிறான் என்பது மற்றொன்று. புகழுக்காகச் செய்கிறான் என்பது மூன்றாவது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர்க்கு முதலிரண்டையும் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிட்ட குரலும், செக்ரோலில் கிராணியார் போட்ட புள்ளியும் நம் பாட்டன்மாருக்கு அவ்விரண்டையும் போதிய அளவு கற்பித்துவிட்டன. ஆனால், இம்மூன்றும் இல்லாத இடத்திலும் வேலை செம்மையாக நடப்பதுண்டா? உண்டு என்பதும், அங்கேதான் உழைப்பின் உண்மையான மதிப்பு விளங்குகிறது என்பதும் நமது கருத்து. அதற்குச் சான்றாக, மிக அற்பமாகத் தோன்றும் ஒரு பொழுதுபோக்கை எடுத்துக்கொள்கிறோம்.

பைராம் தோட்டமிருக்கும் நிபோங் தெபால் வட்டாரத்தாருக்குத் தூண்டில் புதிய பொருளன்று. கிரியான் ஆற்றின் முகத்துவாரத்தில் உயிர் இறாலை முள்ளில் கோத்துக் கொடுவா மீனுக்காகக் காத்திருப்போரை நாம் அறிவோம். மலாய்க்காரர் அம்மீனைச் சியாக்காப் என்பர். மேனாட்டாரில் ஒரு சாரார் உயிர் இரையை விலக்கிவிட்டு, இறகு, உரோமம், சரிகை, நூல் ஆகியவற்றை முள்ளின்மேல் கட்டிப் பொய்யிரை செய்கின்றனர். பூச்சியின் வடிவில் தொடங்கியதால் அதற்கு ‘ஈ’ என்று பெயர் வந்தது. அவ்வகையில், பூச்சியைப் போலன்றிச் சிறு மீனைப்போல் நீளமாகக் கட்டப்படுவதற்கு ஸ்ட்ரீமர் என்று பெயர். நீரில் இழுக்கும்போது அதன் இறகுகள் ஒடுங்கியும் விரிந்தும் அசைய, பெரிய மீன் அதைக் குஞ்சுமீன் என்று நம்பிப் பாய்கிறது.

1924ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் காரி ஸ்டீவன்ஸ் என்ற அம்மையார் தாமே கட்டிய ஒரு ஸ்ட்ரீமரைக் கொண்டு 6 ராத்தல் 13 அவுன்ஸ் எடையுள்ள ட்ரௌட் மீனைப் பிடித்தார். அவர் பெண்களின் தொப்பிகளை அலங்கரிக்கும் தொழிலில் பழகியவர். முள்ளைப் பற்றிக்கொள்ள இடுக்கி இல்லாமலே, விரல்களுக்கிடையில் பிடித்துக் கட்டியவர். தொப்பியில் இறகு பொருத்திய கையே அத்தொழிலில் ஒரு புது வழியைத் திறந்தது.

இனி, நாம் சொல்ல வந்த விஷயத்திற்கு வருவோம். இத்தகைய ஈக்களைக் கட்டுவோர் தம்முள் ஒரு பரிமாற்றம் வைத்துக்கொள்வதுண்டு. பன்னிருவர் சேர்கிறார்கள் என்று கொள்வோம். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரே வகையில் பன்னிரண்டு ஈக்களைக் கட்டிக் குறித்த நாளுக்குள் ஏற்பாடு செய்பவருக்கு அனுப்புகிறார். அவர் அவற்றைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் வகைக்கு ஒன்றாகத் திருப்பி அனுப்புகிறார். ஒவ்வொரு ஈயோடும் ஒரு சிறு சீட்டு இருக்கும். அதில் கட்டியவர் பெயரும், ஈயின் பெயரும், என்னென்ன பொருளால் கட்டப்பட்டது என்பதும் எழுதப்பட்டிருக்கும். பணம் கைமாறுவதில்லை, தபால் செலவு மட்டுமே உண்டு.

இங்கே ஒரு சூழ்ச்சிக்கு இடமிருக்கிறது. ஒருவன் தன் பன்னிரண்டையும் அவசர அவசரமாகச் சுற்றி அனுப்பிவிட்டு, மற்றவர்கள் பொறுமையோடு கட்டியவற்றைப் பெற்றுக்கொள்ளலாம். அவனைத் தண்டிக்கச் சட்டமில்லை. மேற்பார்வை செய்யக் கங்காணியும் இல்லை. அன்றியும், ஸ்ட்ரீமரின் உறுதி முழுவதும் கண்ணுக்குத் தெரியாத உட்சுற்றில் இருக்கிறது. முதல் நூலடுக்கை இறுக்கமாகச் சுற்றாதவன் மேலே எவ்வளவு அழகான இறகு வைத்தாலும் நாலு வீச்சில் அது கழன்று போகும். எனினும் இப்பரிமாற்றங்கள் தொடர்ந்து நடந்துவருகின்றன. காரணம் யாது?

பெறுகிறவனும் கட்டுகிறவனே என்பதுதான் காரணம். அவனுக்கு வார்னிஷின் பளபளப்பைக் காட்டி ஏமாற்ற முடியாது. அவன் விரும்பினால் நூலைப் பிரித்துப் பார்த்து, எத்தனை சுற்று, எந்த இடத்தில் முடிச்சு என்று படித்துவிடுவான். ஆனால் இதை வெறும் வெட்கம் என்று தள்ளிவிடுதல் கூடாது. தான் பட்ட பாட்டைத் தானும் பட்டு அறிந்த ஒருவன் எதிரே இருக்கிறான் என்ற உணர்ச்சி, மனிதனைத் தாழ்த்தாமல் நிமிர்த்துகிறது. துரைக்கு அஞ்சிச் செய்யும் வேலையில் இந்த நிமிர்வு இல்லை. விலை கொடுப்பவனுக்குச் செய்யும் வேலையிலும் இது குறைவே. ஏனெனில், பெரும்பாலும் வாங்குகிறவனுக்குப் பொருளின் வெளிப்புறந்தான் தெரியும்.

கொடுக்கல் வாங்கல் நம் சமூகத்திலும் உண்டு. கலியாண வீட்டில் மொய் எழுதுகிறோம். எழுதிய தொகையை நோட்டுப் புத்தகத்தில் பார்த்து, அதற்குக் குறையாமல் திருப்பிச் செய்கிறோம். அது தோற்றத்தில் அன்பாயினும் நடப்பில் கடனாகிவிடுகிறது. மற்றொரு பக்கம் தருமம் செய்கிறோம். அதில் கொடுப்பவன் கை மேலும் வாங்குகிறவன் கை கீழும் ஆகின்றன. வாங்கியவன் நன்றி என்னும் சுமையைத் தூக்கித் திரிய வேண்டியவனாகிறான். கடனுமாகாமல் தருமமுமாகாமல் மனிதர் ஒருவர்க்கொருவர் உதவும் நிலைக்குத் தமிழில் ‘ஒப்புரவு’ என்றொரு சொல் இருக்கிறது. திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம். ஈகை அதற்கு அடுத்தது. இவ்வரிசைக்கு உரைகாரர் எக்காரணம் கூறினும் கூறுக. ஒத்தவரோடு ஒத்து நடக்கத் தெரியாதவன் ஈகையில் இறங்கினால் ஆண்டானாகத்தான் முடிவான் என்பது நாம் கொள்ளும் பொருள்.

இப்பரிமாற்றத்தில் மற்றொரு நன்மையும் அடங்கியுள்ளது. ஈயோடு சேர்த்து அதைக் கட்டும் வித்தையும் கொடுக்கப்படுகிறது. சீட்டு பாடமாகிறது, ஈயே ஆசிரியனாகிறது. நம் நாட்டின் பழைய வழக்கமோ இதற்கு நேர்மாறானது. மருந்தின் பாகமும் உலோகக் கலவையின் அளவும் தகப்பன் மகனுக்கன்றி வேறெவருக்கும் சொல்லப்படாமல், மகனில்லாத இடத்தில் தகப்பனோடு சுடுகாட்டுக்குப் போயின. சாதி என்னும் வேலி அறிவைக் காத்தது என்பார் உளர். அது அறிவைப் புதைத்தது என்பதே உண்மை. பென்சில்வேனியாவைச் சேர்ந்த பாப் கிளௌசர் என்பவர் 1987இல் சஸ்குவஹானா ஆற்று மீனுக்காக, உலோகக் கண் வைத்து உரோமத்தால் ஓர் ஈயைக் கட்டினார். கண்ட கண்டவர்கள் கற்றுக் கட்டியதால், இன்று அது உப்புநீரிலும் நன்னீரிலும் உலகெங்கும் வீசப்படுகிறது. வெப்ப நாடுகளின் கொடுவா மீனும் அதற்குப் பாய்கிறது. அதனால் கிளௌசருக்குப் புகழ் பெருகியதேயன்றிக் குறையவில்லை.

இவ்வளவு சொல்லியபின், இதன் குறையையும் சொல்லாமல் விடுவது நடுநிலையாகாது. காரி ஸ்டீவன்ஸ் அம்மையாரின் ‘கிரே கோஸ்ட்’ என்னும் புகழ்பெற்ற ஸ்ட்ரீமரின் கன்னத்தில் வைக்கப்படும் புள்ளியிறகு, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்திறகு. அவ்விறகு நெடுங்காலம் இந்தியாவிலிருந்து கப்பலேறியது. பின்னர் இந்திய அரசு அதைத் தடுத்துவிட்டது. இன்று மேனாடுகளில் வளர்க்கப்படும் பறவைகளின் இறகையே பயன்படுத்துகின்றனர். கண்ணி வைத்து அப்பறவையைப் பிடித்த மலைவாசியின் பெயரை யாராவது சீட்டில் எழுதினார்களா? இக்காலத்தில் இலங்கையிலும் கென்யாவிலும் தொழிற்சாலைகளில் உட்கார்ந்து, தாம் காணாத ஆறுகளுக்காக ஆயிரக்கணக்கில் ஈ கட்டும் பெண்களின் பெயர் எந்தச் சீட்டில் இருக்கிறது? பன்னிருவர் தம்முள் சமமாக இருந்துகொண்டு, வட்டத்திற்கு வெளியே நிற்பவனைக் காணாதிருப்பாராயின், அது சமத்துவமாகாது; கிளப்பாகும்.

வட்டத்திற்கு வெளியே நிற்பது எப்படிப்பட்டது என்பதை நம்மவர் அறிவர். ‘பைராம்’ என்ற பெயரே இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ராம்ஸ்டன் பிரபுக் குடும்பத்தாருக்குரிய இடத்தின் பெயர். அக்குடும்பத்தார் இவ்வட்டாரத்தில் உடைமையாக வைத்திருந்த கரும்புத் தோட்டங்களில் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தனர். அம்முறை மலாயாவில் 1910இல் நிறுத்தப்பட்டது. கரும்பு போய் ரப்பர் வந்தது. கரும்பு வெட்டியவன் அம்மாளிகையைக் கண்டதில்லை. மாளிகையில் சர்க்கரை உண்டவரும் அவன் முகத்தைக் கண்டதில்லை.

ஆயினும், அந்த ரப்பர் மரத்தடியிலேயே நாம் தேடும் அறம் பெயரில்லாமல் வாழ்ந்தது. மரத்தின் உயிருள்ள உட்படலத்திற்கும் கத்திக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவாவது பட்டையை விட்டுவைத்துப் பால் வெட்ட வேண்டும். ஆழ வெட்டினால் காயத்தின்மேல் புதுப்பட்டை கரடுமுரடாக வளரும். அப்புதுப்பட்டைக்குக் கத்தி திரும்பி வர ஆண்டுகள் பல செல்லும். அன்று அம்மரத்தடியில் நின்று துன்பப்படுபவர் துரையல்லர், வேறொரு வெட்டுக்காரர். மங்கு நிறையும் அவசரத்திலும், விடியற்காலைத் தலைவிளக்கின் சிறு வெளிச்சத்திலும் பட்டையைக் காயப்படுத்தாது வெட்டிய நம் தாய்மார், இன்னும் மரத்தடிக்கு வராத ஒரு தோழிக்கு வேலை செய்தார்கள். அவர்களுக்கு அதை நினைவூட்டச் சீட்டும் இல்லை. அவர்கள் பெயரை எழுதி வைத்தாரும் இல்லை.

ஆகவே, ஒப்புரவைக் கற்க நம்மவர் கடல் கடக்க வேண்டியதில்லை. தெரிந்த தொழிலை மறைக்காமல் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதும், பிறர் நமக்குச் சொல்லியதை அவர் பெயரோடு சொல்லுவதும், கண்ணுக்குத் தெரியாத உட்சுற்றை இறுக்கமாகச் சுற்றுவதும் எந்தக் கையாலும் ஆகக்கூடியவை. தோட்டத்தில் இருப்பவரும் பட்டணத்தில் இருப்பவரும் தாம் இன்று செய்யும் வேலையை, அது தட்டச்சாயினும் தச்சாயினும் சமையலாயினும், பெற்றுக்கொள்பவன் தமக்குச் சமமானவன் என்று எண்ணிச் செய்வாராக. அவ்வெண்ணம் முதலில் வேலையைத் திருத்தும்; பிறகு, யாரைச் சமமானவன் என்று இதுவரை எண்ணாதிருந்தோம் என்பதையும் நமக்குக் காட்டிவிடும்.