பதினொரு மணி டீ

இளைஞர் மன்றம் ஒன்று ஆரோக்கிய உணவுக்காக ஏதாவது செய்யலாம் என்று முடிவெடுத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். முதலில் ஃபிளெக்ஸ் அடிப்பார்கள். கம்பும் கேழ்வரகும் கிண்ணத்தில் இருக்கும் படம், அதைவிடப் பெரிதாகப் பொறுப்பாளர்களின் முகங்கள். செப்டம்பரில் ஊட்டச்சத்து மாதம், ஜனவரி 12-ல் தேசிய இளைஞர் நாள். இரண்டில் ஒன்றுக்குப் பேரணி. 'துரித உணவைத் தவிர்ப்போம்' என்று கோஷம். முடிந்ததும் வந்தவர்களுக்கு டீயும் பப்ஸும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அந்தத் தெருவில் கிடைப்பது அதுதான்.

இதை வேலம்பாளையத்தில் வைத்து யோசிக்க வேண்டும். 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேரும்வரை இது '15 வேலம்பாளையம்' என்ற தனி நகராட்சி. பக்கத்தில் அனுப்பர்பாளையம், செம்பும் பித்தளையும் எவர்சில்வரும் தட்டிப் பாத்திரம் செய்கிற பட்டறைகள் உள்ள ஊர். இந்தப் பக்கம் முழுக்க பனியன் கம்பெனிகள், ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன யூனிட்டுகள். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தாக வேண்டும். ஒன்றரை ஷிப்ட் ஓடினால் லைன் வீட்டுக்குத் திரும்ப ராத்திரி ஒன்பதாகிவிடும். சம்பளம் சனிக்கிழமை, காய்கறி ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரத்துக்கு வாங்கியதில் கீரை செவ்வாய் வரைகூடத் தாங்காது. வியாழன், வெள்ளிக்கு மிஞ்சுவது வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான்.

பதினொரு மணிக்கு டீ வரும். டீக்கடை ஆள் ஒரு கையில் கேன், மறு கையில் தட்டு என்று நுழைவார். தட்டில் வடை, போண்டா, தேங்காய் பன். ஓவர்லாக் மெஷினில் இருக்கும் அக்கா விரலில் ஒட்டிய பஞ்சுத்தூசைத் துடைத்துவிட்டு ஒரு வடை எடுப்பார். பேப்பர் துண்டில் வைத்து ஒரு அழுத்து. எண்ணெய் இறங்கிப் பேப்பர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இன்னொரு துண்டு கிழித்து மறுபடி ஒரு அழுத்து. அப்புறம்தான் வாய்க்குப் போகும். பத்து நிமிஷத்தில் டீ, வடை, பாத்ரூம், வீட்டுக்கு ஒரு போன் எல்லாம் முடிந்தாக வேண்டும். பீஸ் ரேட்டில் ஓடுகிறவருக்கு அந்தப் பத்து நிமிஷமும் காசு.

அந்த இரண்டு அழுத்தைப் பார்த்தவர்கள் விழிப்புணர்வு நோட்டீஸ் அச்சடிக்கத் தயங்குவார்கள். எண்ணெய் கெடுதல் என்று அவருக்குச் சொல்லித்தர நமக்கு என்ன இருக்கிறது? கேட்டுப் பாருங்கள்: "சோறாக்க நேரமிருந்தா நான் ஏனுங்க இதத் திங்கறேன்?" என்பார். பதில் சொல்ல முடியாது.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) தமிழ்நாட்டுப் பெண்களைப் பற்றி இரண்டு எண்களைத் தருகிறது. 15 முதல் 49 வயதுக்குள் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, 40.4 சதவீதம் பேருக்கு அளவுக்கு மீறிய எடை. உடம்பில் ரத்தம் குறைவு, எடை அதிகம். வயிறு நிறைகிறது, உடம்புக்கு வேண்டியது சேரவில்லை. அரிசி ரேஷனில் இலவசம், பாமாயில் மலிவு. விலை குறைந்ததும் சீக்கிரம் பசி அடங்குவதும் சேர்ந்தால் போண்டாதான் வரும்.

நல்ல சாப்பாட்டுக்காகப் பிரசாரம் செய்த கதை இங்கிலாந்திலும் உண்டு. 2005-ல் சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் தொலைக்காட்சியில் பள்ளிச் சாப்பாட்டைச் சீர்திருத்தக் கிளம்பினார். அரசாங்கமும் அசைந்தது. மறு ஆண்டே ராதர்ஹாம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தாய்மார்கள் வேலிக்கு வெளியே நின்று பிள்ளைகளுக்கு பர்கரும் சிப்ஸும் நீட்டினார்கள். பத்திரிகைகள் அவர்களைத் திட்டித் தீர்த்தன. வரிசையில் நின்றே சாப்பாட்டு நேரம் போய்விடுகிறது என்பதும் அந்தத் தாய்மார்களின் குறைகளில் ஒன்று. அதை யார் காதில் வாங்கினார்கள்? சாப்பாட்டை மாற்றியவர்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

நம் ஊரில் இது பழைய பாடம். வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலை அடுப்பைப் பற்றவைத்தார். பசி வந்தவருக்கு முதலில் சோறு, மற்றதெல்லாம் பிறகு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அந்த வழிதான். காலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுங்கள் என்று விளம்பரம் போட்டிருந்தால் செலவு குறைந்திருக்கும். விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் தாயிடம் அந்த விளம்பரம் என்ன செய்திருக்கும்?

பாட்டி காலத்துச் சாப்பாடு என்று பெருமைப்படுகிறோம். கொள்ளு ஊறவைத்து, வேகவைத்து, ஆட்டுக்கல்லில் அரைத்து, தண்ணீரை ரசமாக்கி, மிச்சத்தைக் கடைந்து... அந்தக் கொங்கு நாட்டுச் சத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணின் அரைநாள் இருந்தது. கூலி கிடையாது, கணக்கும் கிடையாது. அந்தப் பெண் மெஷினில் உட்கார்ந்தார். வீட்டுக்கு இரண்டாவது சம்பளம் வந்தது. அந்த அரைநாளை அவரிடமிருந்து யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. கணவன் வாங்கவில்லை, மகன் வாங்கவில்லை, கம்பெனியும் வாங்கவில்லை. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் இருந்தால்தான் கேன்டீன் கேட்டது. 2020-ன் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 100 ஆகக் குறைத்தது. நாற்பது மெஷின் யூனிட் இரண்டிலும் வராது. இந்த நிலையில் 'பாரம்பரிய உணவுக்குத் திரும்புவோம்' என்ற பதாகையை ஓவர்லாக் அக்கா எப்படிப் படிப்பார்? இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் எழு என்றுதான். நல்ல சாப்பாடு எப்போதுமே யாரோ இன்னொருவருக்காகக் கொடுத்த நேரம். அது யாருடைய நேரம் என்று கேட்காத சேவை, சேவை வாங்குகிறவர் தலையிலேயே வேலையை ஏற்றிவிடுகிறது.

திருப்பூர் இளைஞர்கள் கையைக் கொடுக்கத் தெரியாதவர்கள் அல்ல. 2015 முதல் 'வனத்துக்குள் திருப்பூர்' என்று லட்சக்கணக்கில் மரக்கன்று நட்ட ஊர் இது. யாரோ குழி வெட்டினார்கள், யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். ரத்த தானத்துக்குக் கூப்பிட்டால் நள்ளிரவில் பைக்கை எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் இந்த மன்றத்துத் தம்பிகள்தான். சாப்பாடு என்று வரும்போது மட்டும் ஏன் மைக்கைப் பிடிக்கிறார்கள்? சமையல் அம்மா வேலை என்று மனசுக்குள் ஒரு மூலையில் இருப்பதால்தான் என்று நினைக்கிறேன்.

வெயில் காலத்தில் ரோட்டோரம் கம்மங்கூழ் வண்டி நிற்கிறதே, அதைப் பாருங்கள். பதாகை இல்லை. ஒரு சொம்பு கூழ், மோர்மிளகாய், சின்ன வெங்காயம். ஐந்து நிமிஷத்தில் குடித்துவிட்டுக் கிளம்பலாம். பக்கத்து லைன் வீட்டில் பீகார்க்காரப் பையன்கள் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் ஊரில் வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த சட்டு மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் எலுமிச்சையும் வெங்காயமும் போட்டு வேலைக்கு முன் குடிப்பார்கள். அடுப்பே வேண்டாம்.

ஆகவே தம்பிகளே, ஃபிளெக்ஸ் காசில் ஒரு பெரிய குக்கர் வாங்குங்கள். பாத்திரத்துக்கு அனுப்பர்பாளையத்தைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. கம்பெனிக்கு டீ கொண்டுபோகிற அண்ணனிடம் பேசி, வடைத் தட்டில் பாதி இடம் கேளுங்கள். அவர் பிழைப்பு கெடக்கூடாது, லாபத்தில் அவருக்கும் பங்கு வையுங்கள். முதல் வாரம் பாதி மிஞ்சும், பரவாயில்லை. ராத்திரியே கொள்ளை ஊறப் போட்டு, காலையில் உங்கள் கையால் தாளியுங்கள், அம்மாவை எழுப்பாமல். பதினொரு மணிக்கு முன்னால் சுண்டல் மெஷின் பக்கத்தில் இருக்க வேண்டும்.