பேசாத உடம்பின் சாட்சியம்

நம்ம வலியை நாமதான் பேசணும் என்று 1990-களில் தலித் இலக்கியம் உரக்கச் சொன்னது. பரிவோடு நமக்காகப் பேச வந்தவர்களையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னோம். நியாயமான கோபம்தான் அது. ஆனால் ஒருபோதும் பேசப் போகாத ஒரு பிள்ளைக்கு இந்த நியாயத்தை எப்படிப் பொருத்துவது?

எங்க அக்கா மகளுக்கு ஒன்பது வயசு. மூளை முடக்குவாதம். நடை இல்லை, பேச்சு இல்லை, கழுத்தும் நிற்காது. தென்காசிப் பக்கத்துச் சேரியில் பீடி சுற்றிக்கொண்டே அக்கா அவளை வளர்க்கிறாள். "அதுக்கு என்னத்தத் தெரியப் போவுது?" என்பார்கள் வந்து போகிறவர்கள். இந்தப் பேச்சு நமக்குப் புதுசா? "அவனுகளுக்கு அடியும் உறைக்காது, வெயிலும் உறைக்காது" என்று நம்ம பாட்டன்மாரைப் பார்த்துச் சொன்ன அதே வாய்தான். உணர்ச்சி இல்லை என்று ஒருத்தரைப் பற்றி முடிவு கட்டிவிட்டால் அவரை எதுவும் செய்யலாம். எதுவும் செய்யாமலும் விடலாம்.

மருத்துவமும் இதற்குத் தப்பவில்லை. பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்ற நம்பிக்கையில், 1980-கள் வரை போதிய வலிமருந்து கொடுக்காமலே அறுவை செய்தார்கள். கே.ஜே.எஸ். ஆனந்தும் சகாக்களும் 1987-ல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, குறைமாதக் குழந்தையின் உடம்பும் கத்திக்குப் பதறுகிறது, வலிமருந்து கொடுத்தால் அந்தப் பதற்றம் தணிகிறது என்று காட்டியது. சொல்ல முடியவில்லை என்பதால் வலி இல்லை என்றாகாது என்பதை, சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்திய வரையறையிலும் குறித்திருக்கிறது.

உணர்ச்சி உண்டு என்று ஒத்துக்கொண்டால் மட்டும் போதுமா? அதை எப்படி வாசிப்பது? குற்றாலச் சீசனில் சாரல் முகத்தில் பட்டால் அவளுடைய மடங்கிய விரல்கள் மெல்ல விரியும். பேரருவிப் பக்கம் தூக்கிப் போனால் அந்த இரைச்சலுக்கு உடம்பு வில்லாக வளையும். ஒரே தண்ணிக்கு இரண்டு பதில். ஆனால் அக்கா குரல் கேட்டாலும் அவள் அப்படியேதான் வளைவாள். தசை இறுக்கம் உள்ள பிள்ளைகளைச் சந்தோசமும் முறுக்கும். வெளியாள் கண்ணுக்கு இரண்டும் ஒண்ணுதான். அக்கா பிரித்துச் சொல்வாள்: "பயந்தா மூச்சப் பிடிச்சுக்கிடுவா. சந்தோசம்னா மூச்சு விட்டு விட்டு வரும்லா."

இதைத் தாய்ப்பாசம் என்று ஒதுக்க முடியாது. முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தணிவது என்ற ஐந்தையும் பார்த்து வலியை அளக்கும் 'ஃப்ளாக்' முறையை 2006-ல் திருத்தியவர்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய அடையாளத்தைப் பெற்றவர்களே சேர்க்க இடம் வைத்தார்கள். அக்கா சொல்வது சாட்சியம்.

அப்படியானால் அக்கா அவளுக்காகப் பேசுகிறாளா? பேசுகிறாள். கூடவே அவளால் திருத்தவும் படுகிறாள். கஞ்சி சூடு கூடினால் உதடு இறுகும். தூக்கும் விதம் மாறினால் கால் பின்னிக்கொள்ளும். அக்கா உடனே கையை மாற்றுவாள். மறுப்பு செல்லுபடியாகிற இடத்தில் குரல் இருக்கிறது, வார்த்தை இல்லாவிட்டாலும். நமக்காகப் பேசியவர்களோடு நமக்கிருந்த வழக்கும் இதுதானே? அவர்கள் பேசினார்கள்; நாம் 'இல்லை' என்றபோது காது கொடுக்கவில்லை.

இப்படிப் பார்த்துத் திருத்திக்கொள்ள நேரம் வேணும். பீடிக்கு ஆயிரம் கணக்கில்தான் கூலி. பிள்ளையின் மூச்சைப் பார்த்து உட்கார்ந்த நேரத்துக்கு யார் கூலி தருவார்? 1975-ல் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் களப்பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடிப் போகிறார்கள். நல்ல வேலை. ஆனால் மிச்ச நேரமெல்லாம் தாயின் தலையில்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது, அரசின் 'பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு' என்ற வாலோடு. அந்த வாலை வெட்டச் சொல்லிக் கேட்பது நம்ம அரசியலின் வேலையாக வேணும். பேச முடியாதவளுடைய 'இல்லை'யைக் கேட்க ஆளும் நேரமும் இல்லாத ஊரில், நம்ம குரலுக்கு மட்டும் என்ன உத்தரவாதம்?