காப்பாற்றியது யார்?

சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தாலும், மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிதான், ஆறு மாத மாத்திரையில் தீர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னதும் வீடே மூச்சு விடுகிறது. எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளை நிழல் புற்றுநோயாக இருக்குமோ என்று தூங்காமல் கிடந்தவர்கள் வாயில் அப்போது முதலில் வருவது, 'கடவுள் காப்பாத்திட்டார்' என்ற சொல். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அடுத்த தெருவில் இதே நோயில் போனவரை அதே கடவுள் ஏன் கைவிட்டார்? அது அவர் வினை என்று பதில் சொன்னால், நம் நன்றி செத்தவர் மேல் போடும் பழியாகிவிடுகிறது. கடவுளுக்குச் சொல்லும் நன்றி மனிதர்கள் வழியாகப் போனால்தான் அதில் நியாயம் இருக்கும் என்பது என் கட்சி.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அங்கே வந்த ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். யார் எங்கே என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. வீட்டில் நெருக்கடியான அறை, அரைகுறைச் சாப்பாடு. மையத்து ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு குணமாகியிருந்தது 1959இல் வெளியான அறிக்கையில் தெரிந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பது பிறகு உறுதியானது. இன்று ஒருவர் தன் பிள்ளைகளோடு வீட்டில் இருந்தபடியே குணமாகிறார் என்றால், முடிவு தெரியாமலே அந்தச் சோதனைக்கு உடன்பட்ட, பெயர் தெரியாத அந்த மனிதர்களும் அதற்குக் காரணம்.

இது பக்திக்கு விரோதமான பேச்சு என்று சிலர் நினைக்கலாம். திருநாவுக்கரசரை நினைத்துப் பார்க்கட்டும். சூலை நோயில் துடித்தவர் சமையல்காரரை அக்காள் திலகவதியாரிடம் அனுப்புகிறார். பிறகு தாமே திருவதிகைக்குப் போய் அவர் கையால் திருநீறு வாங்கிக்கொள்கிறார். அருள்கூட ஓர் அக்காள் கை வழியாகத்தான் வருகிறது. நோய் தீர்ந்த பிறகு அவர் பாட்டோடு நிற்கவில்லை, உழவாரப்படையைத் தோளில் வைத்துக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். வள்ளுவரும் மருத்துவத்தின் நான்கு பகுதிகளில், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரையும் சேர்த்தே எண்ணுகிறார். ஆதரவு, மருந்துக்கு மேல் கிடைக்கும் உபரி அல்ல, மருந்தின் ஓர் அங்கம்.

டாக்டர் சம்பளத்துக்குப் பார்க்கிறார், மாத்திரை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, இதில் கடன் எங்கே வந்தது என்று கேட்பவரும் உண்டு. சம்பளம் வேலைக்குத்தான் கூலி. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறதே என்று பயந்தவருக்கு, 'அது மாத்திரையோட நிறம்தான், பயப்படாதீங்க' என்று நின்று சொன்ன பரிவுக்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் இடமில்லை. அதோடு, நிம்மதியை முடிவாக எடுத்துக்கொள்வது இந்த நோயில் ஆபத்தும்கூட. இரண்டு மாதத்தில் இருமல் நின்று, எடை கூடி, பசி வந்துவிடும். சரியாகிவிட்டது என்று அப்போது மாத்திரையை விட்டால், மிஞ்சிய கிருமி மறுபடி கிளம்பும். மருந்துக்கே அடங்காததாகவும் மாறலாம். அந்த நேரத்தில் டாக்டர் சொல்வதைவிட, அதே மாத்திரையை ஆறு மாதமும் விழுங்கிக் குணமான ஒருவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து சொல்வது அதிகம் எடுபடும். கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வருகிறவர், திரும்பும் வழியில் அந்தத் திண்ணைக்கும் போகலாம்.