விலகி நிற்பதும் பற்றற்று நிற்பதும்

பாங்காக் நகரின் சீலோம் சாலைக்கு மேலே, உயரமான தூண்களின்மீது மின்ரயில் ஓடுகிறது. அங்குள்ள நிலையத்தை ஒட்டிய நடைபாலத்தில் நின்றால் கீழே சாலை நெடுகத் தெரியும். 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று பிற்பகல் அந்தப் பாலத்தில் அரைமணி நேரம் நின்றிருந்தேன். கீழே ஆயிரக்கணக்கானோர் ஒருவர்மீது ஒருவர் நீரை இறைத்து மகிழ்ந்துகொண்டிருந்தனர். வயது வேறுபாடு இல்லை. ஊரார், அயலார் என்ற பேதமும் இல்லை.

அது சொங்க்ரான் திருவிழா. சங்கராந்தி என்னும் வடசொல்லே தாய்லாந்து மக்களின் நாவில் அவ்வாறு திரிந்துள்ளது. ஏப்ரல் 13 முதல் 15 வரை நடைபெறும் இவ்விழாவை 2023-இல் யுனெஸ்கோ தனது மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நாம் சித்திரைப் பிறப்பைக் கொண்டாடும் அதே நாள்களில் அவர்களுக்கும் ஆண்டு பிறக்கிறது. அன்று புத்தர் திருவுருவுக்கு நறுமண நீர் வார்ப்பர். பின்னர் பெற்றோர், பெரியோரின் உள்ளங்கைகளில் நீர் வார்த்து, கடந்த ஆண்டில் செய்த பிழைகளைப் பொறுக்குமாறு வேண்டி ஆசி பெறுவர். இல்லத்தில் துளித்துளியாய் வார்க்கப்படும் அந்த நீர்தான் தெருவில் வாளி வாளியாய்ப் பெருகுகிறது.

பாலத்தின்மேல் நின்றிருந்த எனக்கு உள்ளூரப் பெருமிதம். 'இத்தனை ஆரவாரத்தின் நடுவிலும் நான் சாட்சியாக நின்று பார்க்கிறேன்' என்று எண்ணிக்கொண்டேன். உண்மையில் நான் காத்துக்கொண்டிருந்தது மன அமைதியை அன்று. புதிதாக உடுத்தியிருந்த சட்டையை.

அதே சாலையில், தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் ஆலயம் இருக்கிறது. ஆண்டுப் பிறப்பன்று அம்மனைத் தரிசிக்க விரும்பியதால் கீழே இறங்கியே ஆகவேண்டியிருந்தது. கடைகளின் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். ஓரிடத்தில், ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி சிறு கிண்ணத்தில் நீரோடு என் எதிரே வந்து நின்றாள். வேண்டாம் என்று கையை உயர்த்தினேன். அவள் உடனே கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தலை தாழ்த்தி வணங்கி வழிவிட்டாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆயினும் பத்தடி நடப்பதற்குள் மனத்தை ஏதோ உறுத்தியது.

மறுப்பதற்கு எனக்கு உரிமை இல்லையா? நிச்சயமாக உண்டு. மறுப்பை மதிக்கத் தெரியாத கொண்டாட்டம் கொண்டாட்டமே அன்று. துறவியர்மீது நீர் இறைக்கலாகாது என்பது அங்கே முறை. ஆனால் ஓடும் இருசக்கர வண்டிமீது வாளி நீரை வீசுவோரும் உண்டு. மதுவருந்தி வண்டி ஓட்டுவோரும் உண்டு. விழாவையொட்டிய ஏழு நாள்களில் சாலை விபத்துகளில் 200-க்கும் மேற்பட்டோர் அந்நாட்டில் உயிரிழக்கின்றனர். இதைச் சொல்லாமல் விழாவை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் அச்சிறுமி அப்படி எதையும் செய்யவில்லை. என் முகம் நோக்கிக் கேட்டாள், நான் மறுத்தேன், அவ்வளவுதான்.

என்னை உறுத்தியது வேறொன்று. பல்லாண்டுகளுக்கு முன்பு என் தமையனார் நோயுற்றுப் படுக்கையில் இருந்தபோது, 'எல்லாம் பிராரப்தம், கலங்க வேண்டா' என்று அவருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். நேரில் செல்லவில்லை. அதைப் பற்றின்மை என்றே அப்போது நம்பினேன். அவருடைய மலத்தையும் வியர்வையையும் துடைத்தவர் அண்ணியார். அவருக்கு வேதாந்தம் தெரியாது. பற்றற்றவர் யார், பயந்தவர் யார் என்று இன்று கேட்டால், விடை சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பற்றின்மையைப் போதித்த கண்ணன், அர்ஜுனனைத் தேரைவிட்டு இறங்கிப் போகச் சொல்லவில்லை என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பலனில் பற்று வேண்டா என்றான். களத்தை விட்டுவிடு என்றானில்லை. நாமோ களத்தை முதலில் விட்டுவிட்டுப் பலனை மட்டும் இறுகப் பற்றிக்கொள்கிறோம். நனையாத சட்டையும் ஒரு பலன்தானே!

சொங்க்ரானில் இன்னொரு வழக்கம் உண்டு. மக்கள் புத்த ஆலயங்களுக்கு மணல் சுமந்து சென்று, முற்றத்தில் சிறு சிறு கோபுரங்களாகக் குவிப்பர். ஆண்டு முழுதும் ஆலயத்துக்கு வந்து போனவர்களின் பாதங்களில் ஒட்டிக்கொண்டு மணல் வெளியேறிவிடுகிறதாம். அறியாமல் எடுத்துச் சென்றதைத் திருப்பித் தருகிறார்களாம். எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. திருடவில்லை, எடுக்க வேண்டும் என்று நினைக்கவுமில்லை. ஆயினும் நடந்ததனாலேயே கடன் ஏற்பட்டுவிடுகிறது. வெறும் வழிப்போக்கன் என்று சொல்லிக்கொள்கிறவனுக்கும் பாதங்கள் உண்டல்லவா?

தரிசனம் முடிந்து திரும்பும்போது அதே கடையோரமாக நடந்தேன். இம்முறை கைகளை நீட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். சிறுமி நின்ற இடத்தில் ஒரு வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கடைக்காரரிடம் கேட்க மொழி தெரியவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு நிலையத்துக்கு ஏறினேன். ரயில் பெட்டி நிறைய ஈர உடையுடன் மக்கள், கன்னங்களில் வெண்ணிறக் குழம்பு காய்ந்திருக்க, சிரித்துக்கொண்டு நின்றனர். உலர்ந்த சட்டையுடன் இருந்தவர் சிலரே. அவர்களுள் நானும் ஒருவன்.